நாலில் ஒரு துண்டு

மருந்துக்கடைக்காரனிடம் தெருவுக்கு ரகசியம் கிடையாது. யாருக்கு மூலம், யாருக்கு மலச்சிக்கல், யார் மனைவிக்குத் தெரியாமல் தூக்க மாத்திரை வாங்குகிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மந்தைவெளியில் கடை போட்டுப் பதினெட்டு வருஷமாகிறது. ஊர் விருதுநகர்ப் பக்கம், பெயர் ஜவஹர். இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடாமல் இருந்த மனிதர் சுப்பராமன் சார் ஒருவர்தான். பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அவர் என் கடையில் எதையும் வாங்க மாட்டார், அவ்வளவுதான்.

அவருக்கு மருந்து அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரே மகள் நீரஜா நியூஜெர்ஸியில் குடும்பமாக இருந்தாள். அங்கிருந்து தெரிந்தவர்கள் யார் மெட்ராஸுக்குப் பெட்டி கட்டினாலும், அதற்குள் அப்பாவுக்குக் கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை பாட்டில் ஒன்று வந்துவிடும். எங்கள் தெருவில் அப்போது பாதி வீடுகளில் இதுதான் கதை. வைட்டமின் வரும், வலி மாத்திரை வரும், பல்லிடுக்கில் விட்டு இழுக்கிற நூல்கூட வரும். இங்கே கிடைக்கிற அதே சரக்கைக் கடல் தாண்டிப் பறக்கவிட்டுத் தின்றால்தான் இவர்களுக்கு உடம்பில் ஒட்டும் போலிருக்கிறது என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். வியாபாரிக்கு வயிற்றெரிச்சல் இருக்கத்தானே செய்யும்?

சார் ஓய்வு பெறுவதற்கு முன் அரசாங்கத்தில் முத்திரை இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. தி. நகரிலும் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் அவர் தலை தெரிந்தால் கடைக்காரர்களுக்கு வாய் உலர்ந்துவிடும். அப்படி ஒரு கை சுத்தம். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் எந்தக் கடையிலும் ஒரு வாய் காபிகூடக் குடித்ததில்லை. அதனால் என்ன ஆயிற்று என்றால், ஓய்வு பெற்ற பிறகு போய் உட்கார்ந்து பேச ஊரில் ஒரு கடை வாசல்கூட அவருக்கு இல்லை. காய்கறி விற்கிற தங்கம் இப்போதும் அவரைக் கண்டால் தராசுத் தட்டை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் பேசுவாள். இத்தனை நேர்மையாக இருந்த மனிதரை 'வாங்க, உக்காருங்க' என்று சொல்ல ஆள் இல்லை. நானும் சொன்னதில்லை, அதை மறைக்கவில்லை.

அவருக்கு இருந்த துணை ஜெயலக்ஷ்மி மாமி மட்டும். பால் வாங்குவது, கோயிலுக்குப் போவது, டெலிபோன் பில் கட்டுவது, எங்கள் கடைக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கும் டாக்டர் ஷாகிராவிடம் சாரின் ரிப்போர்ட்டைக் காட்டுவது, எல்லாம் மாமிதான். சார் மூன்றாவது மாடியில் ஆங்கிலப் பேப்பரோடு இருப்பார். மாமி தெருவில் போனால் நாலு இடத்தில் நின்று பேசாமல் வீடு போய்ச் சேர மாட்டார். புருஷன் முப்பத்திரண்டு வருஷம் பேசாமல் விட்டதையும் சேர்த்துப் பேசுகிறார் என்று நான் கிண்டல் செய்ததுண்டு.

தொண்ணூற்றாறு மாசி மாதத்தில் மாமி போய்விட்டார். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். நீரஜா பறந்து வந்தாள், பதின்மூன்று நாள் காரியம் முடியும்வரை இருந்தாள், கிளம்பினாள். கிளம்பும்போது அப்பாவிடம் கண்டிப்பாக ஒன்று சொன்னாள். டிசம்பரில் மறுபடி வருவாள். அதுவரை விட்டுப் பார்ப்பாள். அவரால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று தெரிந்தால் அப்புறம் பேச்சுக்கே இடமில்லை, வீட்டைப் பூட்டிக் கையோடு அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

சாருக்கு அமெரிக்கா என்றால் ஆகாது. மாமியோடு ஒரு தடவை போய் ஆறு மாசம் இருந்துவிட்டு வந்தவர். பின்னால் என்னிடம் சொன்னார்: "ஜன்னல் வழியா பாத்துண்டே இருப்பேன் ஜவஹர். ரோட்ல ஒரு மனுஷன் நடந்து போக மாட்டான். கார் போகும், கார் வரும். அங்க நான் நீரஜாவோட அப்பா, அவ்வளவுதான். இங்க யாரும் பேசலேன்னாலும், இன்ஸ்பெக்டர் போறார்னு நாலு பேருக்காவது தெரியும்."

அந்த வருஷம் சித்திரையில்தான் அவர் முதல்முதலாக என் கடைப் படி ஏறினார். ஒரு தைலம் கேட்டார். மஞ்சள் நிறத்தில், எங்கள் மயிலாப்பூர்ச் சரக்கு, எல்லா வீட்டிலும் இருப்பது. கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று. ஆனி மாதம் வந்தபோது வாரத்துக்கு ஒரு பாட்டில் என்று ஆகிவிட்டது.

"என்ன சார், தைலத்தைச் சோத்துல பிசைஞ்சு சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன்.

முதலில் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். அந்த மனிதருக்குச் சிரிக்க வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உள்ளே கிடந்த ஸ்டூலை எடுத்து வெளியே போட்டேன். அதற்குப் பிறகு தினமும் பதினோரு மணிக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. மாத்திரை அட்டையை எடுத்துத் தேதி தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பார். எதிரே பஸ் நிற்பதைப் பார்ப்பார். பன்னிரண்டரைக்கு அவர் கட்டட வாசலுக்கு மெஸ்ஸிலிருந்து எடுப்புச் சாப்பாடு வரும், எழுந்து போவார். எழுந்து போவது என்றால், இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, ஒரு தடவை முயன்று, உட்கார்ந்து, மறுபடி முயன்று எழுவார். வயசு அறுபத்தேழு. பெண்டாட்டி போன துக்கம், பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிடுகிற பழக்கம், எல்லாம் சேர்ந்து ஆளை உருக்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

அவர் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடிக்கு ஐம்பத்துநாலு படி. ஒரு நாள் அந்தக் கட்டடத்தில் வேறு வீட்டுக்கு இன்சுலின் கொடுக்கப் போயிருந்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சார் சாப்பாட்டுக் கேரியரோடு படியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று சுவரில் இருந்த மின்சார மீட்டர்களைப் படிக்கிற மாதிரி பாவனை செய்தார்.

"எல்லா மீட்டரும் சரியா ஓடுதா சார்?" என்றேன்.

"மூணாவது கொஞ்சம் வேகமா ஓடறது" என்றார், முகம் மாறாமல். மறு கை தொடையைப் பிசைந்துகொண்டிருந்தது.

ஆவணியில் நடந்ததைச் சாஸ்திரிகள் வந்து கடையில் சொன்னார். இறந்துபோனவருக்கு முதல் வருஷம் மாதம் தவறாமல் மாசிகம் செய்ய வேண்டும். பிள்ளை இல்லாததால் சாரே மாமிக்குச் செய்துவந்தார். தரையில் மணையில் உட்கார்ந்து செய்து முடித்து, கடைசியில் நமஸ்காரம் பண்ணக் கீழே விழுந்தவர் விழுந்தபடியே கிடந்தாராம். அழுகிறார் என்று சாஸ்திரிகள் சற்று நேரம் விட்டுவிட்டார். பிறகு மெல்லிய குரல் வந்தது: "சாஸ்திரிகளே, தூக்கி விடுங்கோ. எழுந்துக்க வரல." தூக்கி உட்கார வைத்ததும் சார் முதலில் சொன்னது, இது யார் காதுக்கும் போகக் கூடாது என்பது. சாஸ்திரிகள் அதையும் சேர்த்து என் காதில் போட்டுவிட்டுக் கற்பூரத் தைலம் வாங்கிக்கொண்டு போனார்.

இவ்வளவுக்கும் நடுவில் சாருக்கு ஒரு பெருமை மட்டும் இருந்தது. அது அவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். இரண்டரை வருஷத்துக்கு முன்னால், மாத்திரை ஆரம்பிக்கும்போது கெட்ட கொழுப்பு நூற்றுத் தொண்ணூறு. மாமி இருந்தபோது நூற்று முப்பத்துநாலு. ஆவணியில் லேபுக்குத் தானே போய் எடுத்துக்கொண்டு வந்ததில் நூற்றுப் பன்னிரண்டு. அதை டாக்டரிடம்கூடக் காட்டவில்லை, நேரே என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

"நீரஜாகிட்ட ஞாயித்துக்கெழமை ஃபோன்ல சொன்னேன். சந்தோஷப்பட்டா. அம்மா இருந்தபோதைவிட நன்னா பாத்துக்கறயேப்பான்னா."

அந்த எண்ணை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். டிசம்பரில் மகள் முன்னால் நீட்ட அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது. ஐம்பத்துநாலு படியைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை.

புரட்டாசி பிறந்து சில நாள் கழித்து வழக்கம்போலப் பதினோரு மணிக்கு வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டுமே என்ற பயம் அப்போதே வந்துவிட்டது. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இது உங்ககிட்ட கிடைக்குமா? இன்னும் அஞ்சாறுதான் பாக்கி இருக்கு. டிசம்பர்ல அவளே கொண்டு வருவா. நடுவுல ரெண்டு மாசத்துக்குத்தான்."

அமெரிக்காவைக் கைவிட்டு என்னிடம் வந்தாரே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. "சீட்டு இருக்கா சார்?" என்றேன். டாக்டர் ஷாகிரா எழுதிய பழைய சீட்டு மடித்தபடி பர்ஸில் இருந்தது. பிரித்தேன். பாட்டிலைத் திருப்பினேன். மறுபடி சீட்டைப் பார்த்தேன்.

"சார், சீட்டுல பத்து மில்லிகிராம் போட்டிருக்கு. இது நாப்பதுல்ல?"

"அதுக்கென்ன? அமெரிக்காவுல வேற அளவா இருக்கும்."

"மில்லிகிராம் எல்லா ஊர்லயும் மில்லிகிராம்தான் சார். உங்களுக்கு நான் சொல்லணுமா? தினம் எத்தனை போடுறீங்க?"

"ஒண்ணு. பாட்டில்லயே போட்டிருக்கே, தினம் ஒண்ணுன்னு."

"முழுசாவா?"

"முழுசாத்தான். பின்ன?"

கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்து அடுத்த கட்டடத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ஷாகிரா அதிகம் பேசாத அம்மாள். பாட்டிலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், சாரின் தொடையை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். சார் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்து வலிக்குது?"

"மூணு நாலு மாசமா. வயசாச்சோல்லியோ."

"யூரின் கறுப்பா போகுதா?"

"இல்லை."

"நல்ல வேளை." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், நான் எழுதினது பத்துதான். உங்க பொண்ணு நாப்பதா அனுப்புறாங்க. ஒரு பாட்டில்ல நாலு பாட்டில் சரக்கு வந்துடும், எடுத்துட்டு வர்றவங்களுக்கும் சுமை கம்மி. நாலா வெட்டிக் கொடுக்கலாமான்னு மாமி இங்க வந்து என்னைக் கேட்டாங்க. இந்த மாத்திரைய வெட்டலாம், தப்பில்லன்னு சொன்னேன். உங்களுக்குத் தெரியாதா?"

சார் பாட்டிலை வாங்கி மேலே போட்டிருந்ததை மறுபடி படித்தார்.

"பாக்குவெட்டியால வெட்டுறேன் டாக்டர், தூளாகாம அழகா வருதுன்னு மாமி சொன்னாங்களே" என்றார் டாக்டர்.

பாக்குவெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானம் அடுக்களையிலிருந்து கடக், கடக் என்று சத்தம் வரும். பாக்கு நறுக்குகிறாள் என்று பேப்பரைப் புரட்டிக்கொண்டே நினைத்துக்கொள்வாராம். "அவளுக்கு வெத்தலை பாக்குப் பழக்கமே கிடையாது டாக்டர்" என்றார். "ரெண்டு வருஷம் அந்தச் சத்தம் கேட்டுண்டே இருந்தேன். யாருக்குப் பாக்கு நறுக்கறேன்னு ஒரு நாள்கூடக் கேக்கல."

மாத்திரையையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. ராத்திரி செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது மாமி உள்ளங்கையில் போடுவார், இவர் டிவியைப் பார்த்தபடியே வாயில் போட்டுக்கொண்டு மோரைக் குடிப்பார். மாமி வெட்டி வைத்திருந்த துண்டுகளைக் காரியத்துக்கு வந்த உறவுப் பெண்கள் அடுக்களையைத் துடைத்துக் கழுவியபோது உடைந்த மாத்திரை என்று குப்பையில் கொட்டியிருக்க வேண்டும். பீரோவில் புது பாட்டில் இரண்டு இருந்தன. சார் முதல்முறையாக ஒன்றைத் திறந்தார், மேலே போட்டிருந்ததைப் படித்தார், அதன்படி நடந்தார். ஊரிலுள்ள எடைக்கல்லையெல்லாம் சோதித்த மனிதர் ஆறு மாசமாகத் தனக்கே நாலு மடங்கு நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தார். "ஆனா கொழுப்பு கொறைஞ்சிருக்கே? நூத்திப் பன்னெண்டு!"

"கொறைஞ்சிருக்கு. எவ்வளவு கொறைஞ்சிருக்கு பாருங்க. நாலுல ஒரு துண்டு நூத்தித் தொண்ணூறை நூத்தி முப்பத்திநாலுக்குக் கொண்டு வந்துச்சு. அதுக்கு மேல மூணு துண்டு கூடுதலாப் போட்டு நீங்க சம்பாதிச்சது வெறும் இருபத்திரெண்டு."

"நாலு பங்கு போட்டா நாலு பங்கு கொறையணுமே, டாக்டர்."

"தராசுலதான் சார் அந்தக் கணக்கு. இந்த மருந்து அப்படிக் கேக்காது. ஈரத்துணியைப் பிழியுறோம்ல? முதல் முறுக்குல தண்ணி கொட்டும். ரெண்டாவது முறுக்குல கொஞ்சம் சொட்டும். அப்புறம் எவ்வளவு பலமா முறுக்கினாலும் துளி துளியாத்தான் வரும், துணிதான் கிழியும். டோஸை ரெட்டிப்பாக்கினா இன்னும் ஒரு ஆறு பர்சென்ட் கொறையும். அதையும் ரெட்டிப்பாக்கினா மறுபடி ஒரு ஆறு. அவ்வளவுதான் லாபம். ஆனா டோஸ் ஏற ஏற தசைக்கு ஆபத்தும் ஏறும். நாப்பது ஒத்துக்கிறவங்க நெறைய பேர் இருக்காங்க. உங்க உடம்பு மெலிஞ்சு போச்சு, சாப்பாடும் சரியில்ல. உங்களுக்குத் துணி கிழியுது."

ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. தசை நொந்தால் ரத்தத்தில் கூடுகிற பொருள் ஒன்று இருக்கிறது, அது இருக்க வேண்டியதைப் போல ஆறு மடங்கு இருந்தது. மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார் டாக்டர். வலி போனதும் ஒரு மாசம் கழித்துப் பத்து மில்லிகிராமில் திரும்ப ஆரம்பிக்கலாம் என்றார்.

"அப்போ நூத்திப் பன்னெண்டு?" என்றார் சார்.

"திரும்ப நூத்தி முப்பத்தஞ்சு பக்கத்துல வந்து நிக்கும். போதும்."

சார் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, நான் அவரிடம் அதுவரை கேட்டிராத ஒரு கெஞ்சல் குரலில் பேசினார். "நீரஜாவுக்குத் தெரியவே கூடாது. காலு வலின்னு தெரிஞ்சாகூடப் பரவாயில்லை. இது தெரிஞ்சா, மாத்திரை முழுங்கக்கூடத் தெரியாதவர், இவரை எப்படித் தனியா விடறதுன்னு கெளப்பிண்டு போயிடுவா. அவ கேட்டா நான் மறுத்துப் பேச வாயே இல்லை."

"நானா போய்ச் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "ஆனா கேட்டாங்கன்னா பொய் சொல்ல மாட்டேன்."

"நான் பொய் சொல்லுவேன் சார், தாராளமா" என்றேன் நான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்பதுதான் இந்தக் கதையில் என் பங்கு.

மூன்று வாரத்தில் வலி இறங்க ஆரம்பித்தது. தைல வியாபாரம் படுத்துவிட்டது. ஐப்பசி மழையில் ஒரு நாள் நனைந்துகொண்டே வந்து, "இருவத்தேழு" என்றார். பாதி மாடியை உட்காராமல் ஏறிவிட்டாராம். கார்த்திகையில் ஐம்பத்துநாலும் ஏறினார். பத்து மில்லிகிராம் மாத்திரையை, இந்தியச் சரக்கை, என் கடையிலேயே வாங்கினார். கடல் தாண்டாத அந்த மாத்திரையும் அமெரிக்கா மாத்திரை செய்த வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்தது. டிசம்பர் நடுவில் எடுத்த ரிப்போர்ட்டில் நூற்று முப்பத்தாறு.

அந்த நாட்களில் மனிதர் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி தயாரானார். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிப் பழகினார். வீட்டுக்கு வெள்ளை அடித்தார். மகளிடம் என்ன சொல்லி மறுப்பது என்று என்னிடமே ஒத்திகை பார்த்தார். "நீ கூப்பிடறதே எனக்குப் போறும் நீரஜா, ஆனா என்னால வர முடியாதுன்னு ஆரம்பிச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்பார். நான் நெஞ்செரிச்சலுக்கு மருந்து கேட்டு நிற்கிறவருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே, "அருமையா இருக்கு சார்" என்பேன்.

நீரஜா வந்தாள். டாக்ஸியிலிருந்து அவளுடைய பெட்டியை வாங்கிக்கொண்டு சார் முன்னால் ஏறினார் என்றும், இரண்டாவது மாடியில் இவள்தான் மூச்சு வாங்கி நின்றாள் என்றும் தங்கம் வந்து சொன்னாள். எனக்கே பரிசு விழுந்த மாதிரி இருந்தது.

ஐந்தாறு நாள் கழித்து அவள் தனியாகக் கடைக்கு வந்தாள். கொசுவர்த்தி வாங்கினாள். வாங்கிவிட்டும் நின்றாள்.

"உங்களைப் பத்தி அப்பா நெறைய சொன்னார். எனக்கு நெஜத்தைச் சொல்லுங்கோ. நன்னா இருக்காரா?"

"நல்லா இருக்கார்மா."

"கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடியிருக்கே. மாத்திரையை நாலா வெட்டித்தானே சாப்பிடறார்? அம்மாதான் வெட்டுவா. மாசியில வந்தப்பவே சொல்லிட்டுப் போகணும்னு நெனச்சேன், அந்தத் துக்கத்துல மறந்தே போச்சு."

கல்லாவில் சில்லறையை அடுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன். "இப்ப நானே பத்து மில்லியாக் கொடுத்துடறேன்மா, வெட்டுற வேலையே இல்ல. ஒரு நாள் தவறாமப் போடுறார். அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். அன்றைய தேதிக்கு அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

அவள் தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்தாள். நல்ல தடிமன். "அப்பாவை அழைச்சுண்டு போறதுக்கான பேப்பர் எல்லாம். ரெடி பண்ணிண்டு வந்துட்டேன். ஆனா எப்படிக் கேக்கறதுன்னே தெரியல. நான் கேட்டா எனக்காக ஒத்துண்டுடுவார், வந்து பழையபடி ஜன்னலைப் பாத்துண்டு உக்காந்திருப்பார். உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? வர இஷ்டம் இருக்கா அவருக்கு?"

இந்தக் கேள்விக்காகத்தானே மூன்று மாசமாக ஒத்திகை? "இல்லம்மா. இங்கதான் இருப்பேங்கிறார். உறுதியா இருக்கார்" என்றேன்.

அவள் கவரின் மூலையை நகத்தால் நீவிக்கொண்டு கொஞ்சம் நின்றாள். கண் கலங்கியது. "அப்போ நான் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தல" என்று சொல்லிக் கவரைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். சாருக்கு நான் செய்த பெரிய உபகாரம் என்று அன்று முழுக்க எனக்கு மிதப்பாக இருந்தது.

அவள் ஊருக்குப் போன மறுநாள் பதினோரு மணிக்குச் சார் வந்தார். ஸ்டூலில் சுலபமாக உட்கார்ந்தார். "போயிட்டா" என்றார்.

"ஜெயிச்சுட்டீங்க சார்!"

அவர் சிரிக்கவில்லை. "மாட்டேன்னு சொல்றதுக்கு எவ்வளவு யோசிச்சு வெச்சிருந்தேன், உங்களுக்கே தெரியும். பத்து நாளும் காத்துண்டிருந்தேன். இன்னிக்குக் கேப்பா, நாளைக்குக் கேப்பான்னு. ஏர்போர்ட்ல உள்ள போற வரைக்கும் காத்துண்டிருந்தேன்." எதிரே நின்ற பஸ் கிளம்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "அவ கேக்கவே இல்லை ஜவஹர். வரயாப்பான்னு ஒரு வார்த்தை. நான் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவள் கடைக்கு வந்ததை, கவரை, அவள் கேட்டதை, நான் சொன்னதை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"கவரா?" என்றார்.

"ஆமா சார். பழுப்புக் கவர்."

"பெரிசா?"

"நல்ல தடிமனா இருந்துச்சு."

"மேல பேர் ஏதாவது போட்டிருந்துதா?"

"உங்க பேர்தான் சார். இங்கிலீஷ்ல, பெரிய எழுத்துல."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துவிட்டும் போட்டுக்கொள்ளவில்லை. "அப்போ கேக்கணும்னுதான் வந்திருக்கா" என்றார். இருமல் மருந்துக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் மேஜைப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கோ. மொதல்லேர்ந்து. கடைக்குள்ள வந்தா, அப்புறம்?"

வந்தவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, கொசுவர்த்தி வாங்கியதிலிருந்து ஆரம்பித்து மறுபடியும் சொன்னேன்.